அண்ணாச்சி பார்த்த சாரிஸார்ட்

போன மே மாத லீவுக்கு சிவகாசியில் அத்தை வீட்டுக்குப் போயிருந்தோம். அத்தை மகன் அங்கே சின்னதாக ஓர் ஆஃப்செட் பிரஸ் நடத்துகிறான். ஆடிப்பெருக்கு அன்றைக்கு அடுத்த வருஷத்துக் காலண்டர் ஆல்பம் வெளியே வந்தாக வேண்டும். அதனால் மே, ஜூன் மாதங்களில் அந்த ஊரில் யாரையும் நிறுத்தி வைத்துப் பேச முடியாது. நான் அத்தையின் பேச்சைக் கேட்டுக்கொண்டு திண்ணையில் கிடந்தேன். பையன் பிரஸ்ஸே கதி என்று கிடந்தான். அவன் கையில் எப்போதும் ஒரு கெட்டிப் பிளாஸ்டிக் உறை இருக்கும். உள்ளே அவனுடைய பதினோராவது பிறந்தநாளுக்கு நான் வாங்கிக் கொடுத்த அட்டை. போகிமான் என்பது ஜப்பானிலிருந்து வந்த, பிள்ளைகள் சேர்த்து விளையாடும் அட்டை விளையாட்டு. அதில் 1999-இல் வந்த முதல் ஆங்கிலத் தொகுப்பின் சாரிஸார்ட் என்ற ஜந்து, 102 அட்டைகளில் 4-ஆம் எண். என்ன விலை கொடுத்தேன் என்பதை வீட்டில் இன்னும் முழுசாகச் சொல்லவில்லை. இங்கேயும் சொல்லமாட்டேன். மனைவி இந்தப் பதிவைப் படிப்பாள்.

பிரஸ்ஸில் முப்பது வருஷமாக மெஷின்மேனாக இருக்கும் அண்ணாச்சி ஒருவர் உண்டு. மதியச் சாப்பாட்டு நேரத்தில் பையனைக் கூப்பிட்டு, "என்ன தம்பி அது, சாமி படமா?" என்றார்.

"இல்ல தாத்தா, சாரிஸார்ட்."

அவருக்கு அந்தப் பேர் புரியவில்லை. கேட்டுக்கொள்ளவும் இல்லை. மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, சட்டைப்பையிலிருந்து மடக்கு லென்ஸை எடுத்து விரித்து, அட்டையின் மேல் வைத்துக் குனிந்தார். டிராகன் மாதிரி இருக்கும் அந்த ஜந்துவை அவர் பார்க்கவே இல்லை. நேராகக் கீழே இருக்கும் கருப்பு எழுத்துக்குப் போனார். பத்து விநாடிகூட ஆகியிருக்காது.

"கருப்பு எழுத்துக்கு எதுக்குத் தம்பி சிவப்பும் நீலமும்? நாலு கலர்லயும் எழுத்தை ஓட்டியிருக்கான். இது அச்சடிச்சதைப் படம் புடிச்சு மறுபடி அச்சடிச்சது."

பையன் என்னைப் பார்த்தான். நான் அண்ணாச்சியைப் பார்த்தேன். அவர் எதிரே இருந்த மோர் டம்ளரைப் பார்த்தார்.

வாங்குவதற்கு முன்னால் நானும் பார்த்துத்தான் வாங்கினேன். இணையத்தில் சொன்னதெல்லாம் செய்தேன். பெயரில் எழுத்துப்பிழை இல்லை. போகிமான் என்ற ஆங்கிலச் சொல்லில் 'ஈ' எழுத்தின் தலையில் இருக்க வேண்டிய சின்னக் கோடு இருந்தது. விளையாட்டுக்கான விவரங்களில் 120 எச்பி, அதாவது அடி தாங்கும் சக்தி, சரி. தண்ணீருக்குப் பலவீனம், சண்டை வகைக்கு எதிர்ப்பு, பின்வாங்க மூன்று ஆற்றல், எல்லாம் சரி. ஓவியர் மிட்சுஹிரோ அரிடாவின் பெயர் அட்டையின் அடியில் இருந்தது. எல்லாம் சரியாக இருக்காமல் என்ன செய்யும்? அசலை ஸ்கேனரில் வைத்து எடுத்தவனுக்கு எழுத்துப்பிழை எங்கிருந்து வரும்? பரீட்சையில் பக்கத்துப் பையனைப் பார்த்து எழுதினவன் விடைத்தாளில் விடை சரியா என்று நான் திருத்திக்கொண்டிருந்திருக்கிறேன். கையெழுத்தைப் பார்க்கவில்லை.

அன்றைக்குச் சாயங்காலம் அண்ணாச்சி எனக்கும் பையனுக்கும் சேர்த்து ஒரு பாடம் நடத்தினார். ஓடிக்கொண்டிருந்த முருகன் காலண்டர் தாள் ஒன்றை உருவி மேஜையில் போட்டு லென்ஸை வைத்தார். முருகன் மறைந்துவிட்டார். புள்ளிகள்தான் இருந்தன. நீலம், சிவப்பு, மஞ்சள், கருப்பு என்று நான்கு மையில் நான்கு பிளேட். சியான், மெஜந்தா என்று அவர்கள் சொல்வதை நான் நீலம், சிவப்பு என்கிறேன். ஒவ்வொரு பிளேட்டிலும் புள்ளிகள் வரிசை கட்டி நிற்கின்றன. நான்கு வரிசையும் ஒரே திசையில் நின்றால் புள்ளியின் மேல் புள்ளி விழுந்து சேறாகிவிடும். அதனால் கருப்பை 45 டிகிரி, நீலத்தை 15, சிவப்பை 75, மஞ்சளை 0 என்று திருப்பி வைப்பது வழக்கம். அப்படித் திருப்பி வைத்த நான்கு வரிசையும் சேரும்போது லென்ஸுக்குள் குட்டிக் குட்டியாகப் பூ விரிகிறது. மாவுப் புள்ளி வைத்த வாசல் மாதிரி, ஒழுங்கு தவறாத பூ.

"இப்ப எழுத்தைப் பாரு" என்று தாளை நகர்த்தினார். தேதிகளும் ராகுகால நேரமும் இருந்த இடத்தில் பூ இல்லை, புள்ளியும் இல்லை. ஒரே கருப்பு. ஓரம் கத்தி வைத்து வெட்டினது போல. எழுத்தை அச்சகம் படமாக நினைப்பதில்லை. அதைக் கருப்பு பிளேட்டில் மட்டும் முழுசாக வைத்து ஓட்டிவிடும். நான்கு பிளேட்டிலும் பிரித்து ஓட்டினால் ஒரு நூல் விலகினாலும் எழுத்து நான்காகத் தெரியும் என்று எந்த அச்சகத்துக்காரனுக்கும் தெரியும்.

போலி அடிப்பவன் மாட்டிக்கொள்வது இங்கேதான். அசல் அச்சகத்திடம் படம் தனிக் கோப்பாகவும் எழுத்து தனிக் கோப்பாகவும் இருக்கிறது. இவனிடம் இருப்பது ஒரே ஓர் அட்டை. அதை ஸ்கேன் செய்தால் ஸ்கேனருக்கு எது எழுத்து, எது சாரிஸார்டின் நகம் என்று தெரியாது. எல்லாமே அதற்குப் படம். கருப்பெழுத்தும் நான்கு நிறமாகப் பிரிந்து, புள்ளிகளாக உடைந்து, ஓரத்தில் சிவப்பும் நீலமும் கசிந்து வெளியே வரும். வெறும் கண்ணுக்குக் கருப்பாகத்தான் தெரியும். கொஞ்சம் கொழுத்த கருப்பு, அவ்வளவுதான்.

படத்துக்கு இன்னொரு கதி. அதில் ஏற்கெனவே அசல் அச்சின் புள்ளிகள் இருக்கின்றன. அதன் மேல் இவன் அச்சின் புள்ளிகள் விழுகின்றன. இரண்டு கொசுவலையை ஒன்றன் மேல் ஒன்று போட்டு வெளிச்சத்தில் பிடித்தால் அலை அலையாக ஒரு நெளிவு தெரியுமே, அதேதான். சாரிஸார்டின் வயிற்றில் அந்த அலையை அண்ணாச்சி காட்டினார். ஒரு தடவை காட்டியபின் எனக்கு வெறும் கண்ணாலேயே தெரிய ஆரம்பித்துவிட்டது. அது இன்னும் கடுப்பாக இருந்தது.

கொஞ்சம் விவரம் தெரிந்த போலிக்காரர்கள் இதற்கும் வழி வைத்திருக்கிறார்கள். எழுத்தைக் கணினியில் புதிதாகக் கோத்துக் கருப்பு பிளேட்டிலேயே ஓட்டுகிறார்கள். அப்போது எழுத்து சுத்தமாக இருக்கும். ஆனால் எழுத்துரு முடியளவு மாறும், இரண்டு எழுத்துக்கு நடுவிலுள்ள இடைவெளி மாறும். படத்திலுள்ள பழைய புள்ளியை மென்பொருளால் கரைத்துவிட்டு ஓட்டினால் அலை போய்விடும். கூடவே படத்தின் கூர்மையும் போய்விடும். ஓவியர் தூரிகையால் இழுத்த மெல்லிய கோடு, பனியில் பார்த்தது மாதிரி மங்கும். ஒன்றைச் சரிசெய்யப் போனால் இன்னொன்று இளிக்கும். இங்க்ஜெட்டில் அடித்தது என்றால் இவ்வளவு பாடுகூட வேண்டாம். பூவே விரியாது, மை தெளித்தது போல ஒழுங்கில்லாமல் கிடக்கும். லேசர் பிரிண்டரில் அடித்தது தாளுக்கு மேலே உட்கார்ந்து மினுங்கும்.

மதுரைக்குத் திரும்பியதும் வீடு ஆய்வுக்கூடமாகிவிட்டது. அண்ணாச்சி லென்ஸைப் பையனிடமே கொடுத்தனுப்பியிருந்தார். ("எனக்கு இனிமே எதுக்கு, எல்லாம் கம்ப்யூட்டர் பாக்குது." பொய். அவரிடம் இன்னும் இரண்டு இருக்கிறது.) சிங்கப்பூரிலிருந்து மச்சினன் கொண்டுவந்த பாக்கெட்டுகளில் வந்த சாதாரண அட்டைகள் பையனிடம் ஏராளம். பைசா பெறாதவை, ஆனால் சந்தேகமில்லாமல் அசல். ஆங்கில அட்டைகளின் பின்பக்க வடிவம் 1999 முதல் இன்றுவரை ஒன்றுதான். அதனால் அந்தப் பைசா பெறாத அட்டைதான் இருக்கிற கருவிகளிலேயே சிறந்த கருவி. தங்கத்தை உரைகல் இல்லாமல் பார்க்க முடியுமா? சந்தேக அட்டையைத் தனியாக உற்றுப் பார்த்துக்கொண்டிருப்பதில் பயனே இல்லை. பக்கத்தில் ஓர் அசலைக் கவிழ்த்து வைத்தால்தான் பின்பக்கத்து நீலம் ஊதாப் பக்கம் சாய்கிறது, அதிலுள்ள சுழல் கோலம் சோகை பிடித்திருக்கிறது என்பது தெரியும்.

எடை பார்த்தோம். அசல் அட்டைகள் 1.7, 1.8 கிராம் காட்டின. சாரிஸார்ட் 1.5. இரண்டுமே 63-க்கு 88 மி.மீ. அளவுதான், ஆகவே வித்தியாசம் தாளில். கைபேசி டார்ச்சை அடியில் வைத்துப் பார்த்ததில், அசல் வெளிச்சத்தை நன்றாகவே மறைத்தது. சாரிஸார்டின் முதுகு வழியாக வெளிச்சம் தாராளமாக வந்தது. இதற்குக் காரணம் இருக்கிறது. சீட்டாட்டத்துக்கான நல்ல அட்டைகள் ஒற்றைத் தாள் அல்ல. இரண்டு தாளுக்கு நடுவே கருமையான ஓர் அடுக்கை வைத்து ஒட்டியவை. எதிரில் இருப்பவன் விளக்கு வெளிச்சத்தில் நம் கைச்சீட்டைப் பார்த்துவிடக்கூடாது என்பதற்காக வந்த ஏற்பாடு. போகிமான் அட்டையின் விளிம்பை லென்ஸில் பார்த்தால் பென்சில் கோடு போல அந்த அடுக்கு தெரியும். மேஜிக் தி கேதரிங் என்ற இன்னோர் அட்டை விளையாட்டின் அட்டைகளில் அது நீலமாக இருக்கும்.

பையன் ஓர் அசல் ஆற்றல் அட்டையைத் தியாகம் செய்து குறுக்கே கிழித்தான். நடுவில் கருங்கோடு. "அப்பா, இதையும் கிழிக்கட்டுமா?" என்று சாரிஸார்டை நீட்டினான். கொடுத்த காசு கண் முன்னால் வந்து போனது. வேண்டாம் என்றேன்.

அட்டையின் படத்தில் பளபளக்கும் மினுக்கையாவது நான் முதலிலேயே பார்த்திருக்கலாம். அந்தக் காலத்து ஆங்கில அட்டைகளின் மினுக்கில் குட்டி நட்சத்திரங்களை இறைத்தது போல ஒரு கோலம் இருக்கும். மை அந்த மினுக்குத் தாளின் மேலே ஏறியிருக்கும். மினுக்கு படச் சட்டத்துக்குள்ளேயே நின்றுவிடும். மட்டமான போலிகளில் மினுக்கு ஒரு பிளாஸ்டிக் படலமாக அட்டை முழுக்க, மஞ்சள் ஓரம்வரை போர்த்தியிருக்கும். என்னுடையது கொஞ்சம் கெட்டிக்காரப் போலி. மினுக்கு சட்டத்துக்குள்ளேயேதான் இருந்தது. ஆனால் நட்சத்திரத்தைக் காணோம், பட்டை பட்டையாக வானவில்தான் ஓடியது. விற்றவர் அனுப்பிய வீடியோவிலும் அப்படித்தான் இருந்தது. மினுங்குகிறதா என்று பார்த்தேனே தவிர எப்படி மினுங்குகிறது என்று பார்க்கவில்லை.

பள்ளிக்கூட வாசல் கடைகளில் தொங்கும் தங்க நிற பிளாஸ்டிக் அட்டைகளைப் பற்றி அதிகம் பேச ஒன்றும் இல்லை. பாக்கெட்டில் உள்ள அத்தனையும் அபூர்வ அட்டையாக இருந்தால் அது எப்படி அபூர்வம்? குழந்தைகளுக்கும் அது தெரியும். எண்பதுகளில் நாங்கள் பபிள்கம் உறைக்குள் வந்த கிரிக்கெட் வீரர் படத்தை எப்படிச் சேர்த்தோமோ அப்படிச் சேர்க்கிறார்கள், விளையாடுகிறார்கள், தொலைக்கிறார்கள். அதில் ஏமாற்று எதுவும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. பத்து ரூபாய்க்குப் பத்து ரூபாய்ச் சந்தோஷம். ஒன்றை மட்டும் சொல்ல வேண்டும். தங்க நிறம் என்றாலே போலி என்றும் அடித்துச் சொல்லிவிட முடியாது. 2021-இல் இருபத்தைந்தாம் ஆண்டுக்காக வந்த ஒரு பெரிய பெட்டியில் போகிமான் நிறுவனமே சாரிஸார்டையும் பிகாச்சுவையும் தங்க நிற உலோக அட்டையாகக் கொடுத்தது. அது உலோகம். கடையில் தொங்குவது பிளாஸ்டிக். கீழே போட்டால் சத்தமே சொல்லிவிடும்.

இந்த வித்தை கைவந்த புதிதில் எனக்கு ஒரு வியாதி பிடித்தது. எதைப் பார்த்தாலும் போலி. மச்சினனின் பழைய டப்பாவிலிருந்த ஓர் அட்டையை எடுத்து, அடியில் பதிப்புரிமை வரியில் '1999-2000' என்று இருக்கிறதே, மற்றதிலெல்லாம் 1999 தானே, இது போலி என்று தீர்ப்பே எழுதிவிட்டேன். பிரிட்டனுக்கென்று கடைசியாக அச்சிட்ட பதிப்பில் அப்படித்தான் இருக்கும் என்பது பிறகு தெரிந்தது. முதல் தொகுப்பிலேயே பல முகம் இருக்கிறது. படச் சட்டத்தின் வலப்பக்கம் நிழல் இல்லாமல் வந்த தொடக்க அச்சில் '1995, 96, 98, 99' என்று ஆண்டுகள் இருக்கும். பிறகு நிழலோடு பெருமளவில் வந்ததில் அந்த '99' இருக்காது. எழுத்தின் தடிமனும் மாறும். ஆகவே "என்னிடம் இருப்பது மாதிரி இல்லை" என்பது போலிக்குச் சாட்சி ஆகாது. மச்சினனிடம் மன்னிப்புக் கேட்டேன். அவன் எதற்கு என்றே தெரியாமல் சரி மாமா என்றான்.

இதற்கு நேர்மாறான சங்கதி ஒன்று இருக்கிறது. எனக்கு இதுதான் அதிகம் பிடித்தது. அட்டை நூற்றுக்கு நூறு அசல், ஆனாலும் பொய். 1909 முதல் 1911 வரை அமெரிக்கன் டொபாக்கோ கம்பெனி சிகரெட் பெட்டிகளுக்குள் வைத்துக் கொடுத்த பேஸ்பால் வீரர் அட்டைகளில் ஹோனஸ் வாக்னரின் அட்டை மிக அபூர்வம். அவற்றில் ஒன்று, நூறு வருஷப் பழசென்று நம்பமுடியாத அளவுக்கு மூலையும் ஓரமும் கூர்மையாக இருந்தது. 1991-இல் ஐஸ் ஹாக்கி வீரர் வெய்ன் கிரெட்ஸ்கியும் கூட்டாளி ஒருவரும் அதை ஏலத்தில் 4,51,000 டாலருக்கு வாங்கினார்கள். அட்டையைப் பரிசோதித்து, மதிப்பெண் போட்டு, பிளாஸ்டிக் பெட்டியில் அடைத்துக் கொடுக்கும் பிஎஸ்ஏ என்ற தரச்சான்று நிறுவனம் அதே ஆண்டு தொடங்கியது; அது சான்றளித்த முதல் அட்டையே இதுதான். பத்துக்கு எட்டு மதிப்பெண். 2007-இல் 28 லட்சம் டாலருக்கு விலை போனது. 2013-இல், முன்பு அதை வாங்கி விற்ற ஏல வியாபாரி பில் மாஸ்ட்ரோ, மோசடி வழக்கில் குற்றத்தை ஒப்புக்கொண்டபோது, அந்த அட்டையின் ஓரத்தை வெட்டியதையும் ஒப்புக்கொண்டார். 2015-இல் அவருக்கு 20 மாதச் சிறை.

அதாவது, மழுங்கிப்போன ஓரத்தை வெட்டி எறிந்து புதுசாக்கிவிட்டார். மை அசல், தாள் அசல், புள்ளி அசல். அண்ணாச்சியின் லென்ஸ் எழுத்தைப் பார்த்து ஒன்றும் சொல்லியிருக்காது. ஓரத்தைப் பார்த்திருந்தால் சொல்லியிருக்கும் என்று நினைக்கிறேன். பழைய தாளின் விளிம்பு காற்றும் கையும் பட்டுப் பழுத்துப்போயிருக்கும். புதிதாக வெட்டிய இடம் அதைவிட வெள்ளையாக, நார் நிமிர்ந்து நிற்கும். அளவும் ஒரு மயிரிழை குறையும்.

அந்தக் காலத்து அட்டைகளுக்கு இன்னொரு சோதனை இருக்கிறது. நம் ஊர்க் கடைகளில் கள்ளநோட்டு பார்க்க வைத்திருக்கும் ஊதா விளக்கு போதும். தாளை வெள்ளை வெளேரென்று காட்ட ஆலைகள் சேர்க்கும் ஒளிர்ரசாயனம் ஊதா விளக்கில் நீலமாகப் பளிச்சிடும். அது இரண்டாம் உலகப்போருக்குப் பிறகுதான் காகிதத்தில் பரவலாக வந்தது. 1910-ஆம் வருஷத்து அட்டை என்று ஒருவர் நீட்டி, அது சலவைக்குப் போட்ட வேட்டி மாதிரி ஒளிர்ந்தால் மேற்கொண்டு பேச்சே வேண்டாம். மறுபுறம், ஒளிராததாலேயே அது அசல் என்று ஆகிவிடாது. பழைய தாள் தேடி அச்சடிக்கத் தெரிந்தவனும் இருக்கிறான்.

புள்ளிக்குத் திரும்புகிறேன். ஏனென்றால் அண்மையில் நடந்த பெரிய சமாசாரமே புள்ளிதான். போகிமான் அட்டை விளையாட்டு ஜப்பானில் 1996 அக்டோபரில் வெளிவந்தது. அதற்கு முன்னால் விளையாடிப் பார்க்கச் செய்த மாதிரி அட்டைகள் என்று சில, 2024 வாக்கில் சந்தைக்கு வந்தன. சாதாரணத் தாளில் அச்சடித்து வெட்டினது போல இருக்கும். தரச்சான்று வாங்கிப் பெட்டியில் அடைத்து, பெரும் விலைக்குக் கைமாறின. மாதிரி அட்டை என்பதால் மினுக்கு கிடையாது, கருப்பு அடுக்கு கிடையாது, ஒப்பிட்டுப் பார்க்க உரைகல்லும் கிடையாது. போலிக்காரனுக்கு இதைவிட வசதி ஏது?

2025-இன் தொடக்கத்தில் சேகரிப்பாளர்கள் சிலர் அந்த அட்டைகளின் ஸ்கேன்களை எடுத்து நிறங்களைத் துருவினார்கள். சிலவற்றில் மிக மெல்லிய மஞ்சள் புள்ளிகள் வரிசையாகத் தெரிந்தன. பல வண்ண லேசர் பிரிண்டர்கள் தாங்கள் அடிக்கும் ஒவ்வொரு தாளிலும் கண்ணுக்குத் தெரியாத மஞ்சள் புள்ளிகளை ரகசியமாக வைக்கின்றன. வண்ண நகல் இயந்திரம் வந்த புதிதில், இதில் கரன்சி நோட்டு அடித்துவிடுவார்களே என்ற பயத்தில் புகுத்திய ஏற்பாடு அது. எலக்ட்ரானிக் ஃபிரன்டியர் ஃபவுண்டேஷன் என்ற அமைப்பு 2005-இல் ஜெராக்ஸ் டாக்குகலர் இயந்திரத்தின் புள்ளிகளைப் படித்துக் காட்டியது. குறுக்கே 15, நெடுக்கே 8 என்று ஒரு கட்டம். அதில் இயந்திரத்தின் எண்ணும், அச்சடித்த தேதியும் நேரமும் இருந்தன. 1996 என்று சொல்லி விற்ற அட்டைகள் சிலவற்றின் புள்ளிகளைப் படித்தபோது வந்த ஆண்டு 2024.

இதைப் பையனுக்குச் சொன்னபோது விழுந்து விழுந்து சிரித்தான். கள்ளநோட்டுக்காரனுக்கு வைத்த பொறியில் சீட்டுக்காரன் விழுந்த கதை. மஞ்சள் வெள்ளைத் தாளில் தெரியாது என்பதால்தான் அந்த நிறத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். நீல வெளிச்சத்தில் பார்த்தால் மஞ்சள் கருத்துத் தெரியும். வீட்டிலிருந்த நீல நிற ஜிகினாத்தாளை டார்ச்சில் சுற்றி எங்கள் தெரு ஜெராக்ஸ் கடையின் கலர் பிரதி ஒன்றில் அவன் தேடினான். எதுவும் கிடைக்கவில்லை. கடைக்கார அண்ணனிடம் போய் "உங்க மெஷின்ல புள்ளி வைக்குமா?" என்று கேட்க, ரிப்பேர் என்று நினைத்து அவர் பதறிவிட்டார்.

சான்றிதழ் பெட்டியில் இருந்தால் கவலையில்லை என்பார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். மேலே சொன்ன இரண்டு கதையிலும் அட்டை பெட்டிக்குள்தான் இருந்தது. போதாக்குறைக்கு இப்போது பெட்டியையே போலி அடிக்கிறார்கள். உண்மையான சான்று எண்ணையே லேபிளில் போட்டுவிடுவதால் இணையத்தில் எண்ணைத் தட்டினால் சரியென்றுதான் வரும். அங்கே இருக்கும் படத்தையும் கையில் இருக்கும் அட்டையின் கீறல், அச்சு நடுவில் விழுந்திருக்கும் விதம் இவற்றையும் ஒன்றாக வைத்துப் பார்க்க வேண்டும். பிரிக்காத பெட்டியும் அப்படித்தான். லோகன் பால் என்ற யூடியூபர் 2021 கடைசியில் 35 லட்சம் டாலர் கொடுத்து, முதல் பதிப்புப் போகிமான் பாக்கெட்டுகள் என்று ஒரு முழுப் பெட்டியை வாங்கினார். சரிபார்த்த பெட்டிதான். சில வாரம் கழித்துப் பிரித்தால் உள்ளே ஜி.ஐ. ஜோ பொம்மை அட்டைகள்.

ஆனால் இந்த லட்சம் டாலர் கதைகள் சுவாரஸ்யத்துக்குத்தான். உண்மையான வியாபாரம் ஐநூறு ரூபாய், ஆயிரம் ரூபாய் அட்டையில் நடக்கிறது என்பது என் எண்ணம். அந்தத் தொகைக்கு யாரும் சான்று வாங்குவதில்லை, போலீஸுக்குப் போவதில்லை. 2021-இல் ஷாங்காய் புடோங் விமான நிலையத்தில் சுங்கத்துறை பிடித்த போலிப் போகிமான் அட்டைகள் 7.6 டன். டன் கணக்கில் அட்டை! ஒன்று 1.8 கிராம் என்று வைத்து பையன் கணக்குப் போட்டு 40 லட்சத்தைத் தாண்டினான். உறையும் பெட்டியும் கழித்தாலும் பல லட்சம். அத்தனையும் ஏதோ ஒரு அப்பன் பிறந்தநாளுக்கு வாங்கப்போகிற அட்டைகள்.

எனக்கு விற்றவரிடம் விஷயத்தைச் சொன்னேன். லென்ஸ் வழியாக எடுத்த படங்களையும் அனுப்பினேன். "சார், இது பழைய அட்டை, அந்தக் காலத்து அச்சு அப்படித்தான் இருக்கும்" என்று பதில் வந்தது. இரண்டாவது செய்திக்குப் பதில் வரவில்லை. மூன்றாவது அவருக்குப் போய்ச் சேரவேயில்லை. அவரும் எவரிடமோ ஏமாந்து வாங்கியவராக இருக்கலாம் என்று சில ராத்திரி நினைத்துக்கொள்வேன். தூக்கம் வருவதற்கு அது உதவும்.

இப்போதெல்லாம் வாங்குவதற்கு முன் ஒரே ஒரு படம் கேட்கிறேன். முழு அட்டை வேண்டாம், சிறிய எழுத்தை லென்ஸ் வைத்து நெருக்கமாக ஒன்று எடுத்து அனுப்புங்கள் என்று. பாதிப் பேர் அங்கேயே காணாமல் போய்விடுகிறார்கள். மீதிப் பேர் அனுப்பிய படங்களைப் பையன்தான் பார்ப்பான். அவன் கண் என்னுடையதைவிடக் கூர்மை. தெருவுக்கே அவன்தான் இப்போது அட்டை டாக்டர். ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் வாசற்படியில் நான்கைந்து பொடிசுகள் டப்பாவோடு உட்கார்ந்திருக்கும்.

போன வாரம் எதிர்வீட்டுக் கடைக்குட்டி வந்தான். ஏழு வயசு. அவன் அப்பா துபாயில் இருக்கிறார், இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை வருவார். இந்த முறை வந்தபோது கொண்டுவந்தது என்று ஒரு மியூட்டூ அட்டையை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்தான். நான் ஈஸிசேரில் பேப்பரோடு இருந்தேன். அங்கிருந்தே அதன் முதுகு தெரிந்தது. நீலம் ஊதாப் பக்கம் சாய்ந்திருந்தது.

பையன் லென்ஸை விரித்து எழுத்தின் மேல் வைத்தான். வழக்கமாகப் பத்து விநாடி. இன்றைக்கு ரொம்ப நேரம் குனிந்தே இருந்தான். பிறகு லென்ஸை மடக்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, தன் டப்பாவிலிருந்து புது ஸ்லீவ் ஒன்றை உருவி அந்த அட்டையை உள்ளே தள்ளிக் கொடுத்தான்.

"செமடா. கையில எடுத்துட்டுச் சுத்தாத, வீட்ல வை."